பட்டை மாற்றிய பிறகு லாரி சாய்கிறதா, இழுக்கிறதா? படிப்படியாகச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

புதுப் பட்டைக் கட்டு (வண்டியின் பாரத்தைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டைகளின் அடுக்கு, லீஃப் ஸ்பிரிங்) போட்ட வண்டி பட்டறை வாசலைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் ஸ்டியரிங் நேராக நிற்காமல் சாய்ந்து நிற்கும். இல்லாவிட்டால் பின்னால் வரும் வண்டிக்காரர் கை காட்டிச் சொல்லும் அளவுக்கு பாடி ஒரு பக்கம் தொங்கும். பட்டை போட்டவரைக் கேட்டால் "ஓட ஓட உட்கார்ந்துடும்ணே" என்பார். அலைன்மென்ட் கடையில் கேட்டால் டை ராடை (முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் கம்பி) திருகிவிட்டுக் காசு வாங்கிக்கொள்வார்கள். இரண்டுமே சில சமயம் சரிதான், பல சமயம் தப்பு.

என் ஆறு சக்கர வண்டிக்குப் பின்பக்கப் பட்டை மாற்றியபோது நடந்ததைச் சொல்கிறேன். சங்ககிரியில் ஏற்றி நாக்பூர் போனதுதான் முதல் நடை. போகும்போதே வலது பக்கம் இழுக்கிறது என்று டிரைவர் போன் அடித்தார். வழியில் ஒரு இடத்தில், திரும்பி வந்ததும் இங்கே இரண்டு இடத்தில் என்று மொத்தம் மூன்று முறை அலைன்மென்ட் பார்த்தாயிற்று. இழுப்பு போகவில்லை, முன் டயர் இரண்டும் ஓரத்தில் இறகு இறகாக எழும்பிவிட்டன. கடைசியில் வயதான மேஸ்திரி ஒருவர் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார், பத்து நிமிஷத்தில் வெளியே வந்து, "தம்பி, இடது பக்கக் கட்டைத் திருப்பிப் போட்டிருக்காங்க" என்றார். அந்தக் கட்டில் பட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் நடு மையத்தில் இல்லை, முன் பாதி பின் பாதியைவிட 12 மி.மீ. குட்டை. ஒரு பக்கம் மட்டும் முன்பின் மாறியதால் பின் ஆக்சிலின் (இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் குறுக்குத் தண்டின்) இடது முனை 12 மி.மீ. பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. முன் சக்கரத்தைத் திருகித் திருகி நாங்கள் தேடிய தப்பு பின் சக்கரத்தில் இருந்தது.

அன்றிலிருந்து நான் ஒரே வரிசையில்தான் பார்க்கிறேன்: முதலில் டயர், அப்புறம் உயரம், அப்புறம் ஆக்சிலின் சதுரம் (சேசிசுக்குச் சரியான குறுக்கே நிற்பது), அப்புறம் கேஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு), டோ இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் சற்றே உள்நோக்கி நிற்பது) எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டால் செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும், ஏனென்றால் மேலே உள்ள ஒவ்வொன்றும் கீழே உள்ளதை மாற்றிவிடும். கீழே எழுதியிருப்பது முன்னும் பின்னும் இரும்புப் பட்டை உள்ள, முன்னால் ஒரே பீம் ஆக்சில் உள்ள சாதாரண லாரிக்கு. ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்குக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

கழற்றும் முன்பே தொடங்கும் வேலை

பட்டையைக் கழற்றும் முன் நான்கு மூலையிலும் உயரம் எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய பட்டை படுத்துப்போனதுதான், அந்த அளவு சரியான அளவு இல்லை, ஆனாலும் இடதுக்கும் வலதுக்கும் எவ்வளவு வித்தியாசம் ஏற்கெனவே இருந்தது என்று தெரிந்தால் புதுப் பட்டைமேல் வீண்பழி போட மாட்டீர்கள். கூடவே கட்டின் பக்கவாட்டில் செல்போனில் நாலு போட்டோ: எத்தனை பட்டை, எந்தப் பட்டை எவ்வளவு நீளம், சென்டர் போல்ட் எங்கே, கட்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கேஸ்டருக்காக வைக்கும் ஆப்பு ஏதாவது இருக்கிறதா, அதன் தடித்த பக்கம் எங்கே பார்க்கிறது. கழற்றும்போது அந்தக் கேஸ்டர் ஆப்பு தரையில் விழுந்து குப்பையோடு போய்விடுவதும், திரும்ப மாட்டும்போது யாருக்கும் ஞாபகம் வராமல் போவதும் நான் பார்த்த கதை.

ஏற்கெனவே மாற்றிவிட்டீர்கள், அளவு எதுவும் இல்லை என்றால் பரவாயில்லை, இப்போதிலிருந்து எழுதுங்கள்.

அடியில் நுழைவதற்கு முன் ஒரு வார்த்தை. ஜாக்கியை மட்டும் நம்பி லாரிக்கு அடியில் தலையை விடாதீர்கள். சேசிசுக்கு அடியில் ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ கொடுத்து, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகுதான். ஹைட்ராலிக் ஜாக்கியின் சீல் எப்போது விடும் என்று அதற்கே தெரியாது.

முதல் படி: தரையும் டயரும்

பெட்ரோல் பங்க் தரை மட்டமாகத் தெரியும், ஆனால் தண்ணீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள். பட்டறை முற்றமும் அப்படித்தான். எடை மேடை நல்ல இடம், அது மட்டமாகத்தான் இருக்கும், கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டால் விடுவார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தி அளந்து, அப்புறம் வண்டியை முகம் மாற்றி அதே இடத்தில் நிறுத்தி மறுபடி அளந்து பாருங்கள். சாய்வு வண்டியோடு திரும்பினால் வண்டியின் குறை, தரையோடு நின்றால் தரையின் குறை.

டயர் எல்லாம் ஆறியிருக்கும்போது காற்றைப் பாருங்கள். பின்னால் இரட்டை டயரில் உள் டயரை யாரும் பார்ப்பதில்லை, அதில்தான் காற்று குறைந்திருக்கும். ஒரு பக்கம் புது டயரும் மறுபக்கம் ரீட்ரெட் செய்ததும் இருந்தால் உயரமும் வித்தியாசப்படும், ஓட்டமும் வித்தியாசப்படும். இந்த ஒரு படியிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும் வண்டிகள் உண்டு, சிரிக்காதீர்கள்.

காலி வண்டியா, லோடு வண்டியா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். காலியாக இருக்கும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும், லோடு ஏறினால் மட்டத்துக்கு வரும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். புதிதாக வண்டி வாங்கியவர்கள் இதைப் பார்த்துப் பயந்து பட்டையைக் குறைக்கச் சொல்வார்கள். அப்புறம் டீசல் டேங்க்: 300 லிட்டர் நிரம்பினால் ஏறக்குறைய 250 கிலோ, அது முழுக்க ஒரு பக்கத்தில்தான் தொங்குகிறது. பேட்டரி, ஸ்டெப்னி, தார்ப்பாய், கயிறு எந்தப் பக்கம் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இரண்டாம் படி: உயரம்

தரையிலிருந்து பாடி வரை அளப்பது வேலைக்கு ஆகாது, அதில் டயரும் பாடியின் கோணலும் கலந்துவிடும். ஹப்பின் நடு மையத்திலிருந்து நேர் மேலே சேசிசின் அடி விளிம்பு வரை அளங்கள். இது பட்டையை மட்டும் காட்டும். அளக்கும் முன் வண்டியை ஐந்தாறு மீட்டர் முன்னால் உருட்டி, பிரேக்கை அழுத்தாமல் தானாக நிற்க விடுங்கள். ஜாக்கியில் இருந்து இறக்கிய அந்த நிமிஷமே அளந்தால் பட்டைகளுக்கு நடுவே உள்ள உராய்வு வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும், பொய்யான அளவு வரும்.

இடதுக்கும் வலதுக்கும் 10 மி.மீ. வரை வித்தியாசம் இருந்தால் நான் விட்டுவிடுவேன். புதுப் பட்டை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் கொஞ்சம் உட்காரும், இரண்டு பக்கமும் ஒரே அளவில் உட்காராது. அதாவது பட்டறைக்காரர் சொன்ன "உட்கார்ந்துடும்" 10 மி.மீ. விஷயத்தில் உண்மை. 25, 30 மி.மீ. சாய்ந்து நிற்கிற வண்டி ஓடி ஓடி நிமிராது.

மூன்றாம் படி: சாய்வு முன்னாலா, பின்னாலா?

பின்பக்கம் இடதில் தாழ்ந்திருந்தால் பின் இடது பட்டைதான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். சேசிஸ் ஒரே சட்டம், முன் வலதில் பட்டை கூடுதலாகத் தூக்கினால் பின் இடது அழுந்தும். இதைப் பிரிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. முன்பக்கக் கிராஸ் மெம்பரின் (சேசிசின் குறுக்குச் சட்டம்) சரியான நடுவில் ஒரே ஒரு ஜாக்கி போட்டு, முன் பட்டைகளின் மேல் உள்ள பாரம் விடுபடும் வரை தூக்குங்கள். இப்போது முன்பக்கம் ஒரு புள்ளியில்தான் நிற்கிறது, அது எந்தப் பக்கத்தையும் தூக்கவோ அழுத்தவோ முடியாது. பின்பக்கச் சாய்வு மறைந்துவிட்டால் குறை முன்னால், அப்படியே இருந்தால் குறை பின்னால். இந்தச் சோதனையின்போது யாரும் அடியில் இருக்கக் கூடாது, ஒரே புள்ளியில் நிற்கும் சேசிஸ் பக்கவாட்டில் ஆடும்.

எந்த ஆக்சில் என்று தெரிந்ததும், அந்த ஆக்சிலின் இரண்டு கட்டுகளையும் இடம் வலம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். சாய்வு கட்டோடு சேர்ந்து பக்கம் மாறினால் பட்டை, மாறாவிட்டால் பட்டையைச் சேசிசில் மாட்டும் பிராக்கெட்டோ சேசிசோ. வேலை அதிகம்தான், ஆனால் பட்டைக்காரருக்கும் உங்களுக்கும் உள்ள வாக்குவாதத்தை இது ஒரே நாளில் முடித்துவிடும். பிராக்கெட் பக்கம் சந்தேகம் வந்தால் ரிவிட்டுகளைச் சுற்றிப் பாருங்கள், ரிவிட்டைச் சுற்றித் துருப்பொடி வளையமாகப் படிந்திருந்தால் அது ஆடுகிறது என்று அர்த்தம்.

நான்காம் படி: பட்டைக் கட்டையே சோதிப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பட்டைகளை எண்ணுங்கள், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையா? அப்புறம் வெர்னியர் எடுத்து ஒவ்வொன்றின் தடிமனையும் அளங்கள். பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 12 மி.மீ. பட்டை இருந்த இடத்தில் 14 மி.மீ. போட்டால், பார்க்க இரண்டு மில்லிமீட்டர்தான், ஆனால் அந்த ஒரு பட்டை கிட்டத்தட்ட 1.6 மடங்கு விறைப்பாகிவிடும். ஒரு பக்கத்துக்கு 12 கிடைக்கவில்லை, 14 போட்டோம் என்று கூலாகச் சொல்வார்கள்.

சென்டர் போல்ட்டின் தலை ஆக்சிலின் மேல் உள்ள குழியில் முழுதாக இறங்கியிருக்க வேண்டும். புது சென்டர் போல்ட்டின் தலை பழையதைவிடப் பெரிதாக இருந்தாலோ, குழிக்குள் அழுக்கு கெட்டித்திருந்தாலோ கட்டு குழியின் விளிம்பில் ஏறி நிற்கும். கட்டை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது ஒருநாள் நழுவி ஆக்சிலை நகர்த்திவிடும். கட்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஃபீலர் கேஜையோ மெல்லிய தகட்டையோ விட்டுப் பாருங்கள், நுழைந்தால் கழற்றுவதைத் தவிர வழி இல்லை. நான் மேலே சொன்ன குட்டைப் பாதி விஷயமும் இங்கேதான்: முன் கண்ணின் (பட்டை முனையில் சுருட்டிய வளையம்) மையத்திலிருந்து சென்டர் போல்ட் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து ஒப்பிடுங்கள்.

யூ போல்ட் பழையதைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இறுக்கி நீண்ட போல்ட் மறுபடி அதே பிடி தராது, மிச்சப்படுத்தும் காசு ரொம்பக் குறைவு. நான்கு நட்டையும் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகு டார்க் ரென்ச்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) முடிக்க வேண்டும். அளவு வண்டிக்கு வண்டி மாறும், கம்பெனி மேனுவலில் இருக்கும். இறுக்கி முடித்ததும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள், நழுவினால் நின்ற இடத்திலிருந்தே தெரியும்.

ரப்பர் புஷ் உள்ள சின்ன லாரிகளில் கண் போல்ட்டையும் ஷேக்கிள் (பட்டையின் மறுமுனையைச் சேசிசோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) போல்ட்டையும் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், வண்டி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். உயரமும் தப்பாகக் காட்டும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். அதை லூசாக விட்டு, வண்டி தரையில் நின்ற பிறகு இறுக்குங்கள். கிரீஸ் அடிக்கும் பித்தளை, இரும்பு புஷ்ஷுக்கு இந்தக் கவலை இல்லை, கிரீஸ் மறுமுனையில் பிதுங்கி வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கூடுதல் பட்டை பற்றி. ஆக்சிலுக்கு மேலே கட்டு உட்காரும் வண்டியில் ஒரு பட்டை சேர்த்தால் குறைந்தது அந்தப் பட்டையின் தடிமன் அளவுக்கு உயரம் ஏறும், விறைப்பு கூடியதால் இன்னும் கொஞ்சம் ஏறும். 2018இல் மத்திய அரசு ஆக்சில் எடையைக் கூட்டி, இரண்டு ஆக்சில் லாரிக்கு மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 ஆகவும், மூன்று ஆக்சிலுக்கு 25 டன்னிலிருந்து 28.5 ஆகவும் ஆனபோது, பழைய வண்டிக்காரர்கள் பலர் இரண்டு பட்டை சேர்த்துவிட்டால் போதும் என்று நினைத்தார்கள். பட்டை தாங்கும், ஆனால் பிரேக்கும் ஆக்சிலும் சேசிசும் அதே பழையவைதானே.

ஐந்தாம் படி: ஆக்சில் சதுரமாக நிற்கிறதா?

இதற்கு மிஷின் வேண்டாம், கொத்தனாரின் தூக்குக்குண்டும் சாக்பீசும் டேப்பும் போதும். பின் கட்டின் முன் பிராக்கெட் பின்னின் மையத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறி போடுங்கள், இரண்டு பக்கமும். அதேபோல ஆக்சிலில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான ஒரு இடத்திலிருந்து, உதாரணமாக யூ போல்ட் உட்காரும் இடத்தின் முன் விளிம்பிலிருந்து, குறி போடுங்கள். வண்டியைத் தள்ளிவிட்டால் தரையில் நான்கு புள்ளி இருக்கும். நேர் நீளம் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. அப்புறம் குறுக்கு நீளம் இரண்டையும் அளங்கள். நேர் நீளம் சரி, குறுக்கு மட்டும் தப்பு என்றால் ஆக்சில் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது, அல்லது சேசிசே கோணிப்போயிருக்கிறது, அதற்கு வேறு வைத்தியம்.

சின்ன வித்தியாசம் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு என் வண்டியின் கணக்கு. இரண்டு கட்டுக்கும் நடுவே 1 மீட்டர், ஒரு பக்கம் 12 மி.மீ. பின்னால். அது 0.7 டிகிரிக்குச் சற்றே குறைவு. வீல்பேஸ் 4200 மி.மீ., ஆகவே வண்டி நேராகப் போகும்போது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தடத்தில் 50 மி.மீ. விலகல். ஸ்டியரிங் விகிதம் 20க்கு 1 என்று வைத்தால் ஸ்டியரிங் வீல் கிட்டத்தட்ட 14 டிகிரி திரும்பியே இருக்கும். தண்ணீர் தேங்கிய இடத்தில் இறக்கிக் காய்ந்த ரோட்டில் நேராக ஏற்றி, பின் சக்கரத் தடம் முன் சக்கரத் தடத்துக்கு இரு பக்கமும் ஒரே அளவில் விழுகிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். ஈர டயர் தடம் பொய் சொல்லாது.

முன் ஆக்சிலுக்கும் இதே அளவெடுப்பு. பத்துச் சக்கர வண்டியில் பின்னால் உள்ள இரண்டு ஆக்சிலும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று ஹப் மையத்திலிருந்து ஹப் மையம் வரை இரண்டு பக்கமும் அளங்கள். அங்கே கோணல் இருந்தால் நான்கு நான்கு டயராகத் தின்னும், இழுப்பும் முன் சக்கரத்தில்தான் தெரியும். ஆக்சிலைச் சேசிசோடு பிடித்து வைக்கும் டார்க் ராடின் புஷ் தேய்ந்திருந்தால் இன்று சரியாகத் தெரிந்து நாளை லோடில் விலகும்.

ஆறாம் படி: ஆட்டமும் கேஸ்டரும்

கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு), வீல் பேரிங், டை ராட் எண்ட், டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) எண்ட் எதிலும் ஆட்டம் இருந்தால் இதற்கு மேல் அளப்பதில் பிரயோஜனம் இல்லை. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பிரேக்கை ஒருவரை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின்.

கேஸ்டர் என்பது கிங் பின்னின் தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும் சாய்வு. இதுதான் வளைவில் திருப்பிய ஸ்டியரிங்கைத் தானாகத் திரும்ப வைக்கிறது. மொத்தமே சில டிகிரிதான் இருக்கும், அதில் ஒரு டிகிரி போனாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியும். பட்டை மாற்றும்போது இது எப்படிக் கெடுகிறது என்றால், பின்பக்கம் உயர்ந்தால் சேசிசின் மூக்கு கவிழும், கூடவே கிங் பின்னும் முன்னால் சாயும். 4200 வீல்பேஸ் வண்டியில் பின்பக்கம் 75 மி.மீ. ஏறினால் ஒரு டிகிரி கேஸ்டர் காலி. வண்டி ரோட்டில் அலையும், வளைவில் ஸ்டியரிங் திரும்பி வராது. முன்பக்கம் மட்டும் ஏறினால் நேர்மாறு, ஸ்டியரிங் கனக்கும், குழியில் விழுந்தால் சக்கரம் உதறும்.

உயரத்தைச் சரிசெய்தும் கேஸ்டர் குறைவாகவே இருந்தால் ஆப்பு வைக்கலாம். ஆக்சிலுக்கு மேலே கட்டு உட்காரும் வண்டியில் ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் பார்த்தால் கேஸ்டர் கூடும், முன்னால் பார்த்தால் குறையும். இரண்டு பக்கமும் ஒரே அளவு ஆப்புதான். ஒரு பக்கம் மட்டும் வைத்து இழுப்பைச் சரிசெய்வது சிலரின் குறுக்குவழி, அது பீமை முறுக்கி வைப்பது, வேண்டாம். கேம்பரை (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து நிற்பது) சரிசெய்ய பீமை அழுத்தி வளைக்கிறேன் என்று யாராவது சொன்னாலும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பட்டை மாற்றியதால் பீம் ஆக்சிலில் கேம்பர் மாறாது. மாறியிருந்தால் பீம் வளைந்திருக்கிறது, அல்லது கிங் பின் போய்விட்டது.

ஏழாம் படி: ஸ்டியரிங் நடு, கடைசியாக டோ இன்

முன்பக்க உயரம் மாறினால் டிராக் லிங்க் நிற்கும் கோணம் மாறும், அதனாலேயே ஸ்டியரிங் வீல் திரும்பி நிற்கும். வீலைக் கழற்றி நேராக மாட்டுவது தப்பு, அப்படிச் செய்தால் பார்க்க நேராக இருக்கும், ஸ்டியரிங் பாக்ஸ் மட்டும் நடுவில் இருக்காது. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதிக்கு வந்து நிறுத்துங்கள். இப்போது சக்கரங்கள் நேராக நிற்கும்படி டிராக் லிங்க்கின் நீளத்தை மாற்றுங்கள். மாற்றிய பிறகு இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் பட்டையிலோ சேசிசிலோ உரசுகிறதா, ஸ்டாப் போல்ட் சரியாக முட்டுகிறதா என்று பாருங்கள்.

டோ இன் அளக்க: முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு டயரின் நடுவே சாக்பீஸ் தடவி, ஒரு ஆணியை அசையாமல் பிடித்து மெல்லிய கோடு கீறுங்கள். இரண்டு டயரிலும் கீறியதும் வண்டியை இறக்கி, ஐந்தாறு மீட்டர் முன்னால் உருட்டி நிறுத்துங்கள், பின்னால் உருட்டக் கூடாது. ஹப் உயரத்தில் முன்பக்கம் கோட்டுக்குக் கோடு அளந்து, அதே உயரத்தில் பின்பக்கம் அளங்கள். முன் அளவு எவ்வளவு குறைவோ அதுதான் டோ இன். பெரும்பாலான பட்டை லாரிகளுக்கு 0 முதல் 3 மி.மீ.க்குள்தான் இருக்கும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சில மில்லிமீட்டருக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், ஒரு மீட்டர் விட்டமுள்ள டயரில் தேவைக்கு மேல் 6 மி.மீ. இருந்தால் ஒவ்வொரு டயரும் ஒரு கிலோமீட்டருக்கு 3 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. நாக்பூருக்கு எவ்வளவு மீட்டர் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

உயரத்தோடு சேர்ந்து மாறும் மற்றவை

இதில் முதலில் பார்க்க வேண்டியது பிரேக். பின் ஆக்சிலுக்கும் சேசிசுக்கும் நடுவே கம்பி போட்ட லோடு சென்சிங் வால்வு உள்ள வண்டியில், அந்தக் கம்பிதான் எவ்வளவு லோடு என்று வால்வுக்குச் சொல்கிறது. பட்டை விறைப்பாகி பின்பக்கம் உயர்ந்தால், முழு லோடில் கூட வண்டி காலி என்று வால்வு நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இதைக் கண்டுபிடிக்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம். பட்டை மாற்றினால் இந்த வால்வைக் கட்டாயம் மறுபடி செட் செய்ய வேண்டும், பெரும்பாலானவர்கள் செய்வதில்லை.

அடுத்து கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலைச் சுற்றவைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட். பின் உயரம் மாறினால் பின் ஆக்சில் ஹவுசிங்கின் மூக்கு நிற்கும் கோணமும் ஜாயிண்ட் கோணங்களும் மாறும், பட்டை மாற்றிய பிறகு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சீட்டுக்கு அடியில் அதிர்வு வந்தால் அலைன்மென்ட்டைத் தேடாமல் இதைப் பாருங்கள். ஷாக் அப்சார்பர் காலி வண்டியில் முழுதாக நீண்டு நின்றால் அது ஷாக்காக வேலை செய்யாமல் கயிறாகத்தான் வேலை செய்கிறது, சீக்கிரம் பிய்த்துக்கொள்ளும். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் இழுபடுகிறதா? ஹெட்லைட் எங்கே அடிக்கிறது? இதெல்லாம் ஐந்து நிமிஷ வேலை.

ஓட்டிப் பார்ப்பது

நம் ஊர் ரோடு இடப்பக்கம் வாட்டமாக இருக்கும், இடதுபக்கம் லேசாகப் போவது இயல்பு. சந்தேகம் இருந்தால் போக்குவரத்து இல்லாத, மட்டமான இடத்தில் பாருங்கள். எப்போது இழுக்கிறது என்பது முக்கியம். பிரேக் அழுத்தும்போது மட்டும் இழுத்தால் பிரேக் டிரம்மைப் பாருங்கள், அல்லது யூ போல்ட் லூசாகி ஆக்சில் நகர்கிறதா என்று பாருங்கள். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் ஸ்டியரிங் தானாகத் திருப்பினால் டிராக் லிங்க் கோணம். எப்போதும் ஒரே பக்கம் என்றால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் காரணம், வேறு எதையும் தொட வேண்டாம். ஓடி முடித்ததும் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதல் லோடு ஏற்றி நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை லோடோடு மறுபடி டார்க் பாருங்கள், ஆயிரம் கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை. பட்டைகளுக்கு நடுவே உள்ள பெயின்ட் தேய்ந்து இடைவெளி வரும், அதனால்தான். அப்போதே நான்கு மூலை உயரமும் டோ இன்னும் எடுத்து பழைய அளவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் பாதி தலைவலி இல்லை. உயரம் தப்பாக இருந்தால் பெரும்பாலும் உயரத்தைக் கட்டுப்படுத்தும் லெவலிங் வால்வின் கம்பி நீளம்தான் மாறியிருக்கும். காற்றுப் பையை மாற்றுவதற்கு முன் அந்தக் கம்பியையும், காற்று லீக்கை சோப்பு நுரை போட்டும் பாருங்கள். காற்று முழுதாக ஏறிய பிறகுதான் அளக்க வேண்டும், ஆக்சில் சதுரம் பார்க்கும் வேலை மட்டும் அதற்கும் உண்டு.

இரண்டாயிரம் கிலோமீட்டர் ஆனதும் முன் டயரை உள்ளங்கையால் குறுக்கே தடவுங்கள். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது வழவழப்பு, உள்ளிருந்து வெளியே தடவும்போது கீறினால் டோ இன் கூடுதல். நேர்மாறாக இருந்தால் டோ அவுட். இரண்டு டயரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒன்றில் மட்டும் இருந்தால் டை ராடை விட்டுவிட்டு ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். என் வண்டியில் அந்த இடது கட்டைத் திருப்பிப் போட்டு, டோ இன் 2 மி.மீ. வைத்து அனுப்பியபோது அடுத்த நடையில் டிரைவர் போனே அடிக்கவில்லை, நான்தான் அடித்துக் கேட்டேன்.